வீட்டு வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும்?

1

இந்த மாதத்தோடு நான் டென்மார்க்குக்கு வந்து இருபது வருடம் முடிகிறது. யாரும் வாழ்த்தவில்லை. கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகரசபைக்கு அது தெரியாது. என்னைக் கட்டிய வீட்டுக்காரருக்கே ஞாபகம் இல்லை. வந்தது ஒரேயொரு கடிதம். அதுவும் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்திடம் இருந்து. கதவுக்கு வெளியே, மாடிப்படி ஓரமாகச் செருப்பு சப்பாத்துகளைக் குவிக்கக் கூடாது, நெருப்புப் பிடித்தால் ஆட்கள் ஓட வழி வேண்டும், இது மூன்றாவது அறிவித்தல் என்று எழுதியிருந்தார்கள்.

நாங்கள் நாலு பேர்தான். ஆனால் நாலு பேருக்கு நாலு சோடி என்ற கணக்கு எங்கள் ஆட்களின் வீட்டில் எங்கே சரிவந்தது? எடுத்து உள்ளே அடுக்கினால் இரண்டு நாளில் திரும்பவும் வாசலில் குவிந்துவிடும். கீழ் மாடி மனுசிதான் எழுதிப் போட்டிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். மேல் மாடிக்காரனிலும் சந்தேகம். அவன் கொஞ்ச நாளாகக் கூடுதலாகச் சிரிக்கிறான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிறவி. அதனால் ஒரு மனிதருக்கு நான் செய்த அநியாயத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

வந்த புதிதில் என்னை ஓர் அறையில் இருத்தி ஓர் அதிகாரி மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டார். நான் உண்மையிலேயே திருகோணமலையைச் சேர்ந்தவளா, அல்லது அகதி அந்தஸ்துக்காகப் புளுகுகிறேனா என்று அவர் அறிய வேண்டும். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைத் தமிழர். முடியாது என்பதற்கு நான் சொன்ன "ஏலாது" அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்ன பாதி எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூடம், கோயில், சந்தை எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியாகப் பேனாவை மூடி வைத்துவிட்டு, சும்மா கதைப்பது போல அதிகாரி கேட்டார்.

"உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எதிரே என்ன தெரியும்?"

நான் சொன்னேன். துறைமுகத் தண்ணீர் தெரியும். அப்பா கிரேன் ஓட்டின ஜெட்டி தெரியும். கோதுமைக் கப்பல் வந்தால் அதன் பின்பக்கம் தெரியும். ஒருவரும் திருத்தாமல் கவிழ்த்துப் போட்ட ஒரு தோணி கிடக்கும். சில காலையில் மதிலோரம் மான் நிற்கும்.

"மானா? நகரத்துத் தெருவிலா?" என்று கேட்டுப் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

திருகோணமலையில் மான் கடைத்தெருவில் நின்று வாழைப்பழத்தோல் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொன்னதிலேயே பெரிய உண்மை அதுதான், அவர் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். அந்த மானால் எனக்கு விசா எட்டு மாதம் பிந்தியது.

ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. பெயர், முகவரியை யாரும் பாடமாக்கலாம். வாசலில் நின்றவனுக்குத்தான் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியும். பொய்யனைப் பிடிக்க இதைவிட நல்ல பொறி இல்லை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

3

ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் என் அக்கா புவனம். அப்பா அம்மா போன பிறகு துறைமுக ஒழுங்கை என்ற சின்னத் தெருவில் இருந்த அந்த வீட்டில் அவளும் அத்தானும்தான் இருந்தார்கள். வீட்டு முகவரிக்குப் போட்டால் கடிதம் பிந்துகிறது, அத்தான் வேலை செய்யும் கந்தோர் முகவரிக்குப் போடு என்று அக்கா ஒருமுறை எழுதினாள். போட்டேன். வீட்டுப் போன் பழுது, இது பக்கத்து வீட்டுக்காரரின் கைப்போன் என்று ஒரு நம்பர் தந்தாள். எடுத்தேன். ஆறு வருடம் இப்படியே ஓடியது. ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்ட நான் அக்காவைச் சந்தேகப்படவில்லை.

நான் மட்டும் என்ன திறமோ? விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் போய்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் தனியாக இருக்கும் ஒரு டெனிஷ் மனுசியின் வீட்டைத் துப்புரவாக்குகிறேன். அவளுடைய வாசலில் ரோசாத் தோட்டம் இருக்கிறது. ஒரு கோடையில் அங்கே நின்று படமெடுத்து, பின்பக்கத்தில் "எங்கள் வீட்டு வாசலில்" என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். கந்தோரில் வேலை என்றும் சேர்த்தேன். "வடிவான வீடு பிள்ளை, எனக்குப் பெரிய சந்தோசம்" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை மற்றக் கடிதங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

போன வருடம், சமாதானம் சமாதானம் என்று பேசியதெல்லாம் முறிந்து திரும்பவும் சண்டை தொடங்கியது. அதே நாட்களில் முன்பின் தெரியாத ஆட்கள் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்து, ஊரில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று சொல்ல முடியாது. எனக்குப் பயம் பிடித்தது. நம்பரை மாற்றினேன். புதிய நம்பரை ஒருவருக்கும் கொடுக்காமல், அக்காவுக்கு மட்டும் கடிதத்தில் எழுதிப் போட்டேன்.

அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. அக்கா தந்த கைப்போன் நம்பரும் செத்துப்போனது. தொலைக்காட்சியில் திருகோணமலை என்று சொன்னால் நான் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுக் குசினியில் இருந்து ஓடிவருவேன். வருவதற்குள் கால்பந்துச் செய்திக்குப் போய்விடுவார்கள். அக்கா இருக்கிறாளா இல்லையா என்பது தெரியாமல் இரண்டு மாதம் போனது.

4

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது.

மின்னஞ்சல் முகவரி என்னுடையது என்று பெயர்தான். திறந்து தந்தது என் மகள் சிந்து, பதினைந்து வயது. முந்தின வருடம் பெரியம்மாவுக்கு நான் போட்ட கடிதத்தின் கரையில் அந்த முகவரியை எழுதிவிட்டதும் அவள்தான். மின்னஞ்சல், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வந்திருந்தது. எனக்கு அந்த எழுத்தில் தமிழ் ஓடாது. சிந்துவுக்குத் தமிழ் எழுத்தே ஓடாது. ஆகவே அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்க வேண்டும், நான் கேட்டு விளங்க வேண்டும். தான் வாசிப்பது இன்னதென்று அவளுக்குப் பாதி தெரியாது.

"மிஸ், என்ட பேர் நிசாம். ஊர் கிண்ணியா. டவுன்ல கோல் எடுக்கிற, மெயில் அனுப்புற கொமினிகேசன் கட வச்சிரிக்கன். சல்லியில இரிந்து வாற புவனம் அக்கா உங்கட நம்பருக்கு எடுத்து எடுத்துப் பாத்தாங்க, கிடைக்கல்ல. உங்கட புது நம்பர அனுப்புங்க. அவங்க கட்டாயம் கதைக்கணுமாம்."

அக்காவின் பெயரைக் கேட்டதும் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அடுத்த நிமிடமே மூளை வேலை செய்யத் தொடங்கியது. சல்லியா? எங்கள் அக்கா துறைமுக ஒழுங்கையில் அல்லவா இருக்கிறாள்? சல்லி என்பது டவுனுக்கு வடக்கே மீன் காயப்போடும் ஊர். அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்ததைத் தவிர எங்களுக்கு அங்கே என்ன வேலை? அதோடு, நான் எவருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்த நம்பரையே கேட்கிறான். சும்மா ஆடுமா சோழியன் குடுமி?

வீட்டுக்காரர் கதிரையை விட்டு எழும்பாமலே தீர்ப்புச் சொன்னார். "அழிச்சு விடும். உதெல்லாம் வலை வீசுற வேலை."

"கிண்ணியா ஆள்தான். கதையில தெரியுது," என்றேன்.

"கிண்ணியா ஆள் ஏன் உம்மட அக்காவுக்காக மினக்கெடுறான்? யோசியும்."

யோசித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், நிசாம் என்ற பெயரும் என் சந்தேகத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. சின்ன வயதில் கிண்ணியாவில் இருந்து துறை கடந்து வரும் தயிர்ச்சட்டிக்கு வாசலில் காத்திருந்தவள் நான். யுத்தம் தமிழ் ஆட்களையும் முஸ்லிம் ஆட்களையும் ஒருவரையொருவர் அப்படிப் பார்க்கப் பழக்கிவிட்டது.

"நம்பர் குடுத்தா என்ன அம்மா? பெரியம்மா பேசுவா," என்றாள் சிந்து.

"பெரியம்மா எண்டு உனக்கு ஆர் சொன்னது? நான் சொல்லுறதை அடி."

அவள் தட்டினாள். பழைய அதிகாரியின் கேள்விதான். அக்கா பக்கத்தில் இருந்தால் கேட்டு எழுதவும்: எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எதிரே என்ன தெரியும்?

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.

"மிஸ், அத எழுத ஏலாது. அக்காவும் எழுத வேணாம் எண்டு செல்றாங்க. நம்பர மட்டும் அனுப்புங்க. அக்கா வர்ற வியாழக்கிழம திரும்ப வருவாங்க."

பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு குரூர சந்தோசம். தண்ணீர், ஜெட்டி, கவிழ்ந்த தோணி. இதில் எழுத ஏலாதது என்ன இருக்கிறது? தெரிந்தால்தானே எழுதுவான். விடாமல் அடிக்கச் சொன்னேன். ஏன் எழுத ஏலாது? வாசலுக்கு முன்னால் இப்போது என்ன நிற்கிறது? அங்கே யார் இருக்கிறார்கள்? எத்தனை பேர்?

அந்தக் கேள்விகள் ஓர் ஆளை என்ன செய்யும் என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

பதில் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தேன். பொறியைக் கண்ட எலி ஓடிவிட்டது என்று நினைத்து, இனி அந்த ஆளின் கடிதம் ஒன்றும் வராதபடி மறித்து விடச் சொன்னேன். சிந்து உடனே செய்யவில்லை.

"அந்த ஆளுக்குப் பயம் போல, அம்மா."

"பொய்யனுக்குப் பயம் வரும்தானே."

அவள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மறித்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் எனக்கு விளங்காத கதைகள் ஏற்கனவே போதுமான அளவு நடக்கின்றன.

5

ஏழு கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. கொழும்பு முத்திரை. அக்காவின் கையெழுத்து. கொழும்புக்குப் போன ஒரு ரீச்சரிடம் கொடுத்துத் தபாலில் போடுவித்திருக்கிறாள். உறையைத் திறக்க முதல் அந்தக் கையெழுத்தையும் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்டவள் நான்.

"பிள்ளை, உனக்கு நான் ஒரு பொய் சொன்னனான். அந்தத் தம்பியில கோவிக்காத. எங்கட வீடு இப்ப இல்லை. ஆறு வருசத்துக்கு முன்னமே ஒழுங்கை முழுக்கப் பாதுகாப்பு வேலிக்குள்ள போயிட்டுது. வெளிக்கிட ஒரு மணித்தியாலம்தான் தந்தவங்கள். சாமிப்படத்தையும் அப்பாவின்ர கதிரையையும்தான் எடுத்தனாங்கள். நானும் அத்தானும் சல்லியில ஒரு அறையில இருக்கிறம். உனக்குச் சொன்னா அங்க இருந்து அழுவாய். நீ வடிவான வீட்டில நிம்மதியா இருக்கிறாய், அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டனான்."

வாசித்துக்கொண்டே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். வாசலுக்கு எதிரே என்ன தெரியும் என்று நான் கேட்ட இடத்தில் வாசலும் இல்லை, நிற்க விடவும் மாட்டார்கள். எதிரே இருப்பது படைமுகாம், அதை எழுதினால் எழுதினவனைப் பிடிப்பார்கள். சல்லி என்று எழுதியது ஒன்றுதான் ஆறு வருடத்தில் எனக்கு ஊரில் இருந்து வந்த உண்மை. அதை எழுதியவனைத்தான் பொய்யன் என்று மறித்தேன். மானை நம்பாத அதிகாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கடிதம் அதோடு முடியவில்லை.

"நீ பிறகு கேட்ட கேள்வியள் அந்தத் தம்பியின்ர கொம்பியூட்டரில கிடந்தது. கடையளைச் சோதிக்க வந்தவங்கள் கண்டிட்டாங்கள். வெளிநாட்டில இருந்து ஒராள், துறைமுகத்தடியில என்ன நிக்குது, எத்தினை பேர் எண்டு கேக்குதெண்டா என்ன நினைப்பாங்கள்? ரெண்டு நாள் வைச்சு விசாரிச்சவங்கள். தம்பியின்ர மனுசி ரெண்டு பிள்ளையளையும் கொண்டு காம்ப் வாசலில நிண்டவ. நானும் போய் நிண்டனான். எங்கட வீடு எண்டு நான் அழுது சொன்ன பிறகுதான் விட்டவங்கள். திரும்பக் கடை திறந்திருக்கிறார். ஆனா வெளிநாட்டுக்கு இனி ஒருத்தருக்கும் எழுத மாட்டாராம்."

வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கடிதம் உண்மைதானோ?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதரில் முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது. பிறகு, அதே கேள்வியை உறையைத் திறக்க முதல் நானும் கேட்டதை நினைத்து அடங்கினேன்.

6

மறித்ததை எடுக்கச் சொல்லி, நிசாமுக்கு எழுதினேன். மன்னியுங்கள் தம்பி என்று எழுதச் சொன்னேன். எங்கள் புதிய நம்பரையும், கேட்காமலே, கீழே போடச் சொன்னேன். சிந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பரா? ஷுவரா?"

"போடு."

பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. நான் நிசாமாக இருந்தால் ஒருபோதும் பதில் எழுதியிருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், இப்போதுதான் பதில் வந்தது என்று சிந்து உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"மிஸ், இத எழுதுறது நீங்கதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? என்னைப் பிடிக்க வேற ஆரும் எழுதினா? புவனம் அக்கா பக்கத்தில இரிக்காங்க. அவங்க ஒரு கேள்வி கேக்கச் செல்றாங்க. பதில் சரியெண்டா மட்டும் கோல் எடுப்பம். உங்கட வீட்டு வாசல்ல நிண்டு பாத்தா எதிர என்ன தெரியும்?"

சிந்து வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது உங்கட கேள்வி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் சுலபமானது. ரோசாத் தோட்டம். படமே அக்காவிடம் இருக்கிறது, பின்பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அப்படி எழுதினால் அக்கா ஓம் என்பாள், போன் அடிக்கும், அக்காவின் குரலைக் கேட்கலாம். உண்மையை எழுதினால் இது என் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிடுவாள். நிசாம் கொம்பியூட்டரை மூடிவிடுவார். அதற்குப் பிறகு எனக்கு வழியே இல்லை.

ஜன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தேன். ரோசா என்று சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்தேன். என் ஒரு பொய்க்குள் அவளும், அவள் ஒரு பொய்க்குள் நானும் ஆறு வருடம் இருந்தோம். நடுவில் அகப்பட்டு நசிந்தது ஒரு பொய்யும் சொல்லாத மனிதர். இன்னொரு பொய்யையும் அவர் கையால் அக்காவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அடி பிள்ளை," என்றேன். "எங்கட வீடு மூண்டாம் மாடி. எதிர நாலு குப்பைப் பெட்டி தெரியும், சைக்கிள் கொட்டில் தெரியும், மீன் தொழிற்சாலையின்ர பின்சுவர் தெரியும். ரோசாத் தோட்டம் நான் கூட்டித் துடைக்கப் போற ஒரு மனுசியின்ர வீடு. எனக்குக் கந்தோர் வேலையில்லை அக்கா. பள்ளிக்கூடத்தில கக்கூஸ் கழுவுறன்."

சிந்துவின் விரல்கள் ஒரு இடத்தில் நின்றன. பிறகு ஓடின. அடித்து முடித்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணைப் போல எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டாள். அவளுக்கு விளங்காது என்று நான் நினைத்த தமிழ் எவ்வளவு அவளுக்கு விளங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேத்தண்ணி ஆறுவதற்குள் போன் அடித்தது.

எடுத்தேன். பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. சண்டை எங்களுக்குப் பழக்கிய பழக்கம் அது, போனில் யாரும் முதலில் பெயர் சொல்வதில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஆர்?" என்றேன்.

"நீ ஆர்?" என்றது அந்தப் பக்கம்.

அக்காவேதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினோம். அழுது முடிய, நிசாம் தம்பியிடம் போனைக் கொடு என்று கேட்டேன். அங்கே ஏதோ குசுகுசுத்தார்கள்.

"அவர் கதைக்க மாட்டாராம் பிள்ளை. பயமாம். நீ மன்னிப்புக் கேட்டதை நான் சொன்னனான். தலையை மட்டும் ஆட்டினவர்."

அது எனக்கு வலித்தது, வலிக்கத்தான் வேண்டும். அவருடைய குரலை நான் இன்றைக்குவரை கேட்டதில்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கடையில் இருந்து அழைப்பு வரும், அக்கா பேசுவாள், பின்னால் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்கும். அது அவராக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குப் போனை வைக்க முதல் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, தோட்டம் எண்டு நான் எழுதேல்லை. பிறகெப்பிடி நான்தான் எண்டு நம்பினனீ?"

"தோட்டம் எண்டு எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டன். நீ எனக்குப் போட்ட கடிதத்தைக் களவா வாசிச்சவன்தான் அப்பிடி எழுதுவான்."

"அப்ப, படம் வந்த அண்டைக்கே பொய் எண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாமல்? வாசல் படியில ஒரு சோடிச் செருப்புக்கூட இல்லை. அது எங்கட ஆக்களின்ர வீடோ?"

"பிறகேன் வடிவான வீடு எண்டு எழுதினனீ?"

"வடிவாத்தானே இருந்தது, பிள்ளை," என்றாள் அக்கா.

இது நடந்து நாலு மாதம். சங்கத்தின் மூன்றாவது அறிவித்தல் குசினி மேசையில் கிடக்கிறது. வாசலில் பதினொரு சோடி கிடக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். ஒன்றையும் நான் உள்ளே எடுக்கவில்லை. நாலாவது அறிவித்தலும் வரட்டும்.